தரையில் ஆறு தகடுகள்

லிவர்பூல் கப்பல்துறையில் 'பிக்' என்கிற ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு ஒருவன் பிறந்து, வளர்ந்து, செத்தும் போய்விடலாம். பொறுக்கு. காலையில் மேஸ்திரி ஆள் பொறுக்குவான். பொறுக்கப்படாதவன் வீட்டுப் பெண்டுகள் சரக்கு வண்டி போன தடத்தில் சிந்திய நிலக்கரியைப் பொறுக்குவார்கள். கிழிந்த பொதியிலிருந்து பறந்த பஞ்சைப் பொறுக்கித் தலையணையில் அடைப்பார்கள். பல் குத்துவதற்கும் அங்கே அதே சொல்தான். அடுத்தவன் பையில் கை விடுவதற்கும், குடித்துவிட்டு வம்பு இழுப்பதற்கும், எலும்பில் ஒட்டிய கறியைச் சுரண்டித் தின்பதற்கும் அதே சொல்தான். பூப் பறிப்பதற்கும் அதுதான் என்று சொல்வார்கள். டாக் ரோட்டில் பூ இல்லாததால் யாரும் அதைச் சரிபார்த்ததில்லை.

அம்புரோஸ் கில்டேக்கு அந்தச் சொல் முதுகெலும்பில் ஏறியிருந்தது. பதினாறு வயதில் பட்டிக்குள் நுழைந்தவன், இப்போது முப்பத்தெட்டு. பட்டி என்றால் மாடு அடைக்கிற பட்டி மாதிரியேதான். சுற்றிலும் இரும்புக் கம்பி, தலைக்கு மேலே ரயில் ஓடுகிற பாலம். காலை எட்டு மணிக்குக் கால் மணி முன்னால் ஒரு தடவை, மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு தடவை, இருநூறு பேர் உள்ளே போய் வரிசை கட்டி நிற்பார்கள். மேஸ்திரி ஸ்கெல்லி உருண்டைத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக வரிசை நெடுக நடந்து வருவான். வேண்டியவன் தோளில் ஒரு தட்டு. தட்டு வாங்கியவன் கையில் எண் போட்ட பித்தளைத் தகடு ஒன்று. தகடு கிடைத்தால் அன்றைக்கு வேலை. கிடைக்காதவன் எதிர்ச்சாரி அலுவலகத்துக்குப் போய் வேலையில்லாப் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டியது. 'கொக்கிக்கு மூணு நாள், புக்குக்கு மூணு நாள்' என்பார்கள். வாரத்தில் மூன்று நாள் கொக்கி போட்டு மூட்டை இழுப்பது, மூன்று நாள் முத்திரை குத்தி அரசாங்கப் படி வாங்குவது. கல்யாணம், பிரசவம், சாவு எல்லாம் இந்த ஆறு நாளுக்குள் அடங்கிவிடும்.

ஸ்கெல்லி வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. அம்புரோஸ் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளிப் பிறந்தவன். ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலில், இரண்டு பெஞ்சு முன்னால் முட்டி போடுகிறவன். அவன் அப்பனும் இதே பட்டியில் நின்றவன்தான். ஆனால் தொப்பி மாறினால் தலைக்குள்ளே இருப்பதும் மாறிவிடுகிறது. போன குளிர்காலத்தில் ஒரு நாள், கடைசியாக நாலைந்து தகடு மிச்சமிருந்தபோது, யாரைத் தட்டுவது என்று யோசிக்கச் சோம்பல்பட்டு, கோழிக்குத் தீனி எறிகிற மாதிரிக் கூட்டத்துக்குள் வீசினான். ஆட்கள் விழுந்து புரண்டார்கள். அதைப் பார்த்து அவனுக்கு ருசி கண்டுவிட்டது. அதிலிருந்து கடைசித் தகடுகளைக் கையில் கொடுப்பதே இல்லை. சுங்கக் குமாஸ்தாக்கள் மாடி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கக்கூட ஆரம்பித்திருந்தார்கள்.

போன வியாழக்கிழமை அப்படித்தான் எட்டுத் தகடு வீசினான். ஒன்று அம்புரோஸின் வலது கால் பக்கம் விழுந்தது. அவன் குனிந்தான். நூறு பேர் குனிந்தார்கள். முழங்கை, முட்டி, வசவு, எச்சில், ஈரத்தில் ஊறிய கம்பளி நாற்றம். தகடு ஒரு கல்லிடுக்கில் நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டுவதற்கு அவன் வலது காலை அழுத்தி ஊன்றினான். ஆணி அடித்த பூட்ஸ். அடியில் ஏதோ நெறிந்தது. கல் இல்லை, கட்டை இல்லை, கை என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் தகடு உள்ளங்கைக்குள் வரும்வரை அவன் காலை எடுக்கவில்லை.

எழுந்து பார்த்தபோது அந்தக் கை ஃபெலிக்ஸுடையது. அம்புரோஸின் பெண்டாட்டி ஆக்னஸின் தம்பி. அவர்கள் வீட்டிலேயே, அடுப்பங்கரை பெஞ்சில் படுத்துத் தூங்குகிறவன்.

அன்று முழுவதும் அம்புரோஸ் கோதுமை மூட்டை இழுத்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஆக்னஸ் மரக்கரண்டியின் காம்பை நெட்டுவாக்கில் பிளந்து, தம்பியின் இரண்டு விரலுக்கு அணை கொடுத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் சாக்குத் தைக்கிற கொட்டகையில் வேலை பார்ப்பவள். சணல் முடிச்சு போட்டே கட்டினாள்.

"யாருடா மிதிச்சது?" என்றாள்.

"கூட்டத்துல யாரு கண்டா?" ஃபெலிக்ஸ் கண்ணை டீக் கோப்பைக்குள் விட்டிருந்தான்.

"நான்தான்," என்றான் அம்புரோஸ்.

ஆக்னஸ் நிமிரவில்லை. "தெரியாமத்தானே மிதிச்ச?"

"மொதல்ல தெரியாம. அப்புறம் தெரிஞ்சு."

"தெரிஞ்சப்ப காலை எடுக்க வேண்டியதுதானே?"

"எடுத்திருந்தா தகடு போயிருக்கும்."

அவள் முடிச்சை இறுக்கினாள். ஃபெலிக்ஸ் பல்லைக் கடித்தான்.

"சரிதான். அந்தத் தகட்டாலதான் இன்னிக்குக் குழம்புல கறி மிதக்குது. உக்காருங்க ரெண்டு பேரும். ஆறிடும்."

வாரத்தில் பாதி நாள் அந்த வீட்டில் குருட்டுக் குழம்புதான். உருளைக்கிழங்கும் வெங்காயமும் கிடக்கும், கறி கண்ணில் படாது. அன்றைக்குக் கறி இருந்தது. மூன்று பேரும் தின்றார்கள். கறி கறியாகத்தான் இருந்தது.

ஃபெலிக்ஸுக்கு வந்த கஷ்டம் விரலோடு போகவில்லை. கை உடைந்தது வெளியே தெரிந்தால், வேலை செய்ய லாயக்கற்றவன் என்று அலுவலகத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். படி நின்றுவிடும். அதனால் தினமும் இரண்டு வேளையும் பட்டிக்குப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், வேலைக்குத் தயார் என்று முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரி தட்டிவிட்டாலோ ஆபத்து. வேலைக்குக் கூப்பிட்டு வரமாட்டேன் என்றாலும் புத்தகம் மூடிவிடும். வெள்ளியும் சனியும் அவன் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்றான். என்னைப் பொறுக்காதே ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டு அந்தப் பட்டியில் நின்றவன் அவன் ஒருவன்தான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆக்னஸ் கேட்டாள். "திங்கக்கிழமையும் வீசுவானா?"

"வீசுவான்."

"நீ குனிவியா?"

"எல்லாரும் குனியறப்ப நான் மட்டும் வெறைச்சுக்கிட்டு நின்னா அதுக்குப் பேரு வீரமில்ல ஆக்னஸ், பட்டினி."

"அப்ப எல்லாரையும் நிக்கச் சொல்லு."

"நான் சொன்னா கேட்டுக் கிழிச்சிருவானுங்க."

"நீ சொன்னாத்தான்யா கேப்பானுங்க. மிதிபட்டவன் சொன்னா அழுவுறான்னு சொல்லுவானுங்க. மிதிச்சவன் நீ. நீ போய்ச் சொல்லு."

"ஒத்தை ஆளு குனிஞ்சாலும் போச்சு. தெரியுமில்ல?"

"தெரியும். ஒரு வாரம் குருட்டுக் குழம்பு வச்சுப் போடறேன். ரெண்டு வாரம்னாலும் போடறேன். ஆனா இன்னொரு தடவை நீ குனிஞ்சு எடுத்த தகட்டுல வாங்கின கறி இந்தச் சட்டியில வேகாது. சொல்லிட்டேன்."

பெஞ்சில் படுத்திருந்த ஃபெலிக்ஸ், "அக்கா, விடேன்," என்றான்.

"நீ வாய மூடிட்டுப் படு. உன் கைக்காக மட்டும் பேசல நான்."

ஞாயிறு பூசை முடிந்து ஆண்கள் கோயில் மதில் ஓரம் நின்று பைப் பற்றவைக்கிற நேரத்தில் அம்புரோஸ் போய்ச் சொன்னான். நாளைக்கு ஸ்கெல்லி வீசினால் யாரும் குனியக் கூடாது. அவ்வளவுதான். கல்லெறிய வேண்டாம், கத்த வேண்டாம். தகடு கிடக்கட்டும்.

முதலில் சிரித்தவன் சாட்சி. அவனுக்கு அம்மா அப்பா வைத்த பேர் வேறு. மற்றவர்கள் மூட்டை தூக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான் என்பதால் துறைமுகம் அவனுக்குச் சாட்சி என்று பேர் வைத்துவிட்டது.

"ஏன்டா அம்புரோஸு, மச்சினன் கையை மிதிச்சுப் பணியாரம் ஆக்கினவன் நீ. நீ வந்து எங்களுக்குப் பிரசங்கம் வைக்கிறியே, உள்ள இருக்கற பாதிரியாருக்கு வேலை போயிடாது?"

"ஆமா, நான்தான் மிதிச்சேன்," என்றான் அம்புரோஸ். "தெரிஞ்சே மிதிச்சேன். அதனாலதான் சொல்றேன். நாளைக்கு உன் கையா இருந்தாலும் மிதிப்பேன். நீயும் என் கையை மிதிப்ப. ஸ்கெல்லி தொப்பியைச் சாய்ச்சு வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருப்பான்."

சிரிப்பு நின்றது. டூயி என்றொருவன், ஏழு பிள்ளைக்காரன், தரையைப் பார்த்தபடி சொன்னான்: "சங்கத்துல சொல்லிப் பாக்கலாமில்ல?"

"சொல்லி ஆறு மாசம் ஆச்சு. பதில் வர்றதுக்குள்ள இன்னும் பத்து விரல் போயிடும்."

"உனக்கென்ன, புள்ளையா குட்டியா. ரெண்டு பேரு வயிறு."

அது அம்புரோஸுக்கு எங்கே சுடும் என்று தெரிந்தேதான் டூயி சொன்னான். ஆக்னஸுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அம்புரோஸ் பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினான்.

"மூணு பேரு வயிறு," என்றான். "மூணாவது ஆளுக்குக் கை இல்ல."

யாரும் சத்தியம் செய்யவில்லை. சரி என்றுகூடச் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சாட்சி மட்டும் கடைசியில் நின்று, "எத்தனை பேரு நிப்பாங்கன்னு நெனைக்கிற?" என்று கேட்டான்.

"நான் நிப்பேன்."

"அது ஒண்ணு. மேல எண்ணு."

"நீ சொல்லு."

"நான் என்னிக்குடா குனிஞ்சு ஒண்ணை எடுத்திருக்கேன்?" என்று சொல்லிவிட்டுச் சாட்சி போய்விட்டான்.

திங்கட்கிழமை வலென்சியாவிலிருந்து ஆரஞ்சுக் கப்பல் வந்திருந்தது. மூடுபனியில் ஆற்று வாயிலேயே இரண்டு நாள் கிடந்துவிட்டு வந்தது. பட்டிக்குள் நிற்கும்போதே பழவாடை அடித்தது. அதில் லேசாக அழுகலும் இருந்தது. செவ்வாய் காலை ஏலம். கம்பெனிக் குமாஸ்தா ஒருவன் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தான்.

ஸ்கெல்லி வந்தான். முதலில் அவனுடைய செல்லப்பிள்ளைகள், சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு மதுக்கடையில் ஊற்றுகிறவர்கள், பெயர் சொல்லியே போனார்கள். அப்புறம் தோள் தோளாகத் தட்டிக்கொண்டு வந்தான். அம்புரோஸைத் தாண்டிப் போனான். சாட்சியைத் தாண்டிப் போனான். கப்பலின் அடிவயிற்றுக் கிடங்கு ஐந்தில் நான்குக்கு ஆள் நிறைந்தது. ஐந்தாவது கிடங்கு செட்டுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஆறு பேரைத் தட்டி அனுப்பிவிட்டு நின்றான். கையில் ஆறு தகடு.

பட்டிக்குள் இன்னும் நூற்றிருபது பேர் இருந்தார்கள்.

ஸ்கெல்லி தகடுகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினான். மாடி ஜன்னல் திறந்தது. கையை மேலே வீசினான்.

ஆறும் காற்றில் மின்னிவிட்டுக் கல்லில் விழுந்தன. ஒவ்வொன்றும் விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. அம்புரோஸ் இத்தனை நாளில் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. கூட்டத்தின் சத்தம் எப்போதும் அதை முழுங்கிவிடும். ஒரு தகடு விளிம்பில் உருண்டு வந்து அவன் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளிப் படுத்தது. எண் பதினேழு. அவன் முதுகு தானாக வளைய ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருஷம் மூட்டைக்குக் குனிந்த முதுகு, மனசைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? இரண்டு கையாலும் கால்சட்டையின் வாரைப் பிடித்துக்கொண்டு தன்னைத் தானே நிமிர்த்தினான்.

யாரும் குனியவில்லை.

"என்னடா?" என்றான் ஸ்கெல்லி. "கண்ணு அவிஞ்சு போச்சா எல்லாருக்கும்? பொறுக்குங்கடா."

மூன்றாவது வரிசையில் டூயி தடாலென்று குனிந்தான். முகம் வெளுத்து, உதடு அசைந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் பேரைச் சொல்லியிருப்பான். விரல் தகட்டில் படுவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை அவன் கோட்டுக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்து அப்படியே மேலே தூக்கி நிறுத்தியது. சாட்சி.

"பாருங்கடா," என்றது பின்வரிசையில் ஒரு குரல், "சாட்சி ஒண்ணைத் தூக்கிட்டான்!"

சிரிப்பு வரிசை நெடுக ஓடியது. அந்தச் சிரிப்பில்தான் பட்டி கெட்டியானது. அதுவரை நூற்றிருபது பேரும் தனித்தனியாகத்தான் நின்றிருந்தார்கள்.

ஸ்கெல்லியின் கழுத்து சிவந்தது. "ஓ, அப்படியா சேதி. யாரோட வேலைடா இது?" பார்வை சுற்றி வந்து அம்புரோஸிடம் நின்றது. "கில்டே. உன் காலடியிலதான் ஒண்ணு கிடக்குது. எடு."

"நீங்க போட்டது மிஸ்டர் ஸ்கெல்லி. நீங்களே எடுங்க."

"உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும். கையில குடுங்க, போறேன்."

"கையில குடுக்கணுமாம்! தாம்பாளத்துல வச்சுத் தரட்டுமா?"

"தாம்பாளமெல்லாம் வேண்டாம். உங்க அப்பாவுக்கு எப்படிக் குடுத்தாங்களோ அப்படிக் குடுத்தாப் போதும்."

மாடி ஜன்னலில் யாரோ விசிலடித்தார்கள். ஸ்கெல்லி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். காத்திருந்தால் போதும் என்று நினைத்தான். பசி அவன் கட்சி என்று அவனுக்குத் தெரியும். பட்டியில் எல்லோருக்குமே அது தெரிந்திருந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பாலத்தில் ஒரு ரயில் போனது. சொட்டுச் சொட்டாக மேலிருந்து தண்ணீர் பித்தளைமேல் விழுந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று.

செட்டு நிறையாமல் எவனும் கொக்கியைத் தொடக் கூடாது. அது ஸ்கெல்லி பிறப்பதற்கு முந்தின வழக்கம். மற்ற நாலு கிடங்கும் திறந்து, பெட்டிகள் இறங்க ஆரம்பித்துவிட்டன. ஐந்தாவதுக்குப் போன ஆறு பேரும் கப்பலோரம் சும்மா நின்றுவிட்டு, என்ன சங்கதி என்று பார்க்கத் திரும்பி வந்து வேலிக்கு வெளியே வரிசையாகச் சாய்ந்துகொண்டார்கள். அதில் ஒருவன் ஸ்கெல்லியின் செல்லப்பிள்ளை. அவன்கூட உள்ளே வந்து குனியவில்லை. அவன் கையில் தகடு இருந்தது, அவனுக்கென்ன.

குமாஸ்தா கடிகாரத்தோடு ஓடி வந்தான். "மிஸ்டர் ஸ்கெல்லி! அஞ்சாவது கிடங்கு மூடியே கிடக்குது. அதுலதான் அடிச் சரக்கு முழுக்க இருக்கு. பழம் வேகுது அங்க!"

"ஆளு வருவானுங்க."

"எப்ப?"

ஸ்கெல்லி அருகில் கிடந்த தகடு ஒன்றைக் காலால் எத்தினான். அது போய் முன்வரிசைக்காரன் ஒருவன் பூட்ஸில் முட்டி நின்றது. அந்த ஆள் அதைத் திரும்ப எத்திவிடவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

"மிஸ்டர் ஸ்கெல்லி," என்றான் குமாஸ்தா, தணிந்த குரலில். "இன்னும் அஞ்சு நிமிஷத்துல நான் கம்பெனிக்குப் போய்ச் சொல்லியாகணும். அப்புறம் வேற மேஸ்திரியைத்தான் அனுப்புவாங்க."

ஸ்கெல்லி குனிந்தான்.

ஐம்பது வயதுக்காரன், வயிறு பெருத்தவன், பழக்கம் விட்டுப்போனவன். முட்டி மடங்க மாட்டேன் என்றது. முதல் தகட்டை எடுக்கும்போது தொப்பி விழுந்து உருண்டது. வழுக்கைத் தலையில் நீர் சொட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் வரிசைக்குள் புகுந்து, ஆட்களின் கால்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகத் தேடினான். கால்கள் ஒதுங்கி வழி விட்டன.

"உங்க பின்னால ஒண்ணு இருக்கு, மிஸ்டர் ஸ்கெல்லி," என்றான் சாட்சி, ரொம்ப மரியாதையாக. "இல்ல, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

கடைசியாக அம்புரோஸின் காலடிக்கு வந்தான். எண் பதினேழை எடுக்கும்போது அவன் மூச்சு அம்புரோஸின் முட்டியில் பட்டது. அந்தக் காலை வைத்து அந்த விரல்களை என்ன செய்திருக்கலாம் என்று அம்புரோஸுக்கு நினைப்பு வராமல் இல்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றான்.

ஸ்கெல்லி எழுந்து மூச்சு வாங்கினான். தொப்பியைத் துடைத்து வைத்துக்கொண்டான். அப்புறம் ஐந்து தகட்டை ஐந்து பேர் கையில் கொடுத்தான். முதலாவது டூயிக்கு. இரண்டாவது சாட்சிக்கு. அதற்கு மேல் யார் என்றுகூடப் பார்க்கவில்லை. ஒன்று மிச்சம். அதை விரலில் சுழற்றிக்கொண்டே பின்வரிசைக்கு நடந்தான். அவன் எங்கே போகிறான் என்று அம்புரோஸுக்குப் புரிந்துவிட்டது.

ஃபெலிக்ஸின் தோளில் தட்டினான்.

"கையில வேணும்னீங்கல்ல? இந்தா. நீட்டு கையை. அந்தக் கை இல்லடா, பைக்குள்ள வச்சிருக்கியே, அது."

'அவனை விடு, என்னை எடு' என்று அம்புரோஸின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அதுவும் ஒரு குனிதல்தான். பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஃபெலிக்ஸ் மெதுவாக வலது கையை வெளியே எடுத்தான். கரண்டிக் காம்பும் சணலும் அழுக்குத் துணியும். அதை மறைக்காமல் நீட்டினான். விரல்கள் மடங்கவில்லை. ஸ்கெல்லி அந்தத் துணிமேல் தகட்டை வைத்தான். ஃபெலிக்ஸ் அதை விழவிடாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான். நெற்றியில் வியர்த்துவிட்டது.

"அஞ்சாவது கிடங்கு," என்றான் ஸ்கெல்லி. "பெட்டி ஒண்ணு ஒண்ணும் ஒன்றரை அந்தர், உன்னைவிடக் கனம். தூக்க முடியலன்னா இப்பவே சொல்லிடு. ஆபீஸுக்கு எழுதிக் குடுத்துடறேன்."

"அவன் எதுக்குத் தூக்கணும்?" இது சாட்சி. தன் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டே வந்தான். "கிடங்கு வாயில நின்னு கிரேன்காரனுக்குக் கை காட்டணும்ல? மேல ஏத்து, கீழ இறக்கு, நிறுத்து. அதுக்கு ஒத்தைக் கை தாராளம். எங்க செட்டுல யாரு எங்க நிக்கணும்னு நாங்கதான் சொல்லுவோம். வழக்கம் அதுதானே, மிஸ்டர் ஸ்கெல்லி?"

"கை காட்டுற வேலை உன்னோடதுதானேடா எப்பவும்?" என்றான் டூயி.

"அதான் கொடுமை," என்றான் சாட்சி. "இன்னிக்கு நான் தூக்கப்போறேன். எங்கம்மாகிட்டச் சொல்லிடாதீங்க, பயந்துடுவா."

ஆறு பேரும் வெளியே நடந்தார்கள். ஃபெலிக்ஸ் தாண்டும்போது அம்புரோஸைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே, "மச்சான், அக்காகிட்ட வலிக்குதுன்னு சொல்லாத," என்றான்.

ஸ்கெல்லி அம்புரோஸின் முன்னால் வந்து நின்றான். இருவருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். ஆரஞ்சு வாடையை மீறி அவன் கோட்டின் நனைந்த வாடை அடித்தது.

"நான் இந்தத் தொப்பியைப் போட்டிருக்கற வரைக்கும் உன் தோளை நான் தொடமாட்டேன் கில்டே. எழுதி வச்சுக்கோ."

"தொடாதீங்க. கோட்டு துவைக்கிற வேலை மிச்சம்."

அம்புரோஸ் முத்திரை குத்தப் போனான்.

மத்தியானம் ஒரு மணிக்கு அவன் மறுபடியும் பட்டிக்குள் வந்தான். பின்னால் போய் நிற்கவில்லை. முன்வரிசையில், ஸ்கெல்லி வந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் நின்றான். ஸ்கெல்லி வந்தான். தட்டினான், தட்டினான், தாண்டினான். கடைசியில் மூன்று தகடு மிச்சம். அவற்றை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினான். கை தோள் மட்டத்துக்கு உயர்ந்தது. அம்புரோஸ் கைகளைக் கட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கம்பக்கத்தில் நின்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். ஸ்கெல்லியின் கை இறங்கியது. மூன்று பேரைப் பார்த்து மூன்று கையில் வைத்துவிட்டுப் போனான்.

சொன்ன சொல்லையும் காப்பாற்றினான். ஒன்பது வாரம் ஆகியும் அவன் அம்புரோஸின் தோளைத் தொடவில்லை. அம்புரோஸ் தெற்குத் துறையில் வேறு மேஸ்திரிகளின் பட்டியில் போய் நின்று வாரத்துக்கு ஒரு நாள், ஆள் குறைகிற மழை வாரத்தில் இரண்டு நாள், கிடைத்ததைச் செய்தான். மிச்ச நாளில் முத்திரை. வீட்டில் குருட்டுக் குழம்பு. ஆக்னஸ் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை என்று சொன்னால் பொய். நாலாவது வாரம் சட்டியை அடுப்பில் ஓங்கி வைத்தாள். ஆறாவது வாரம் அழுதாள், ஆனால் வாளித் தண்ணீரைச் சுமந்துகொண்டே அழுதாள். ஃபெலிக்ஸின் விரல் கோணலாகக் கூடியது. கொக்கி பிடிக்கத் தடையில்லை.

அம்புரோஸ் எந்தத் துறையில் வேலை தேடினாலும் நாளுக்கு ஒரு வேளை ஸ்கெல்லியின் பட்டிக்குப் போய் முன்வரிசையில் நின்றுவிட்டு வருவதை நிறுத்தவில்லை. காலையில் முடியாவிட்டால் மத்தியானம். காய்ச்சல் கண்டிருந்த ஒரு நாளும் சால்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினான். ஆக்னஸுக்குப் பொறுக்கவில்லை. வாசலை மறித்து நின்றாள்.

"அவன் உன்னை எடுக்கவே மாட்டான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த ஜன்னல்ல நிக்கறவனுக்கும் தெரியும். அப்புறம் எதுக்குய்யா அங்க போய் நிக்கற?"

அம்புரோஸ் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"நான் போகலைன்னா வீசுவான்," என்றான்.

அவள் கதவை விட்டு நகர்ந்து நின்றாள்.